மானத்துக்கு ஜப்தி இல்லை

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)

வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். முத்துக்குளிப்பு, குதிரை வியாபாரம், வெற்றிலை என்று அவர் வியந்து சொன்னவற்றுக்கு நடுவே கடன் வசூலுக்கும் ஓர் இடம் உண்டு. வாங்கியவர் இன்று நாளை என்று தவணை சொல்லிக்கொண்டே போனால், கொடுத்தவர் அவரை வழியில் மறித்து, சுற்றிலும் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவார். பணத்தைக் கொடுக்காமலோ தக்க பிணை காட்டாமலோ அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாட்டின் அரசரே வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குப் பாக்கி வைத்திருந்தாராம். வணிகர் ஒருநாள் அரசரையும் அவர் ஏறியிருந்த குதிரையையும் சேர்த்து வட்டம் போட்டுவிட, அரசர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, வணிகர் மனம் நிறையும்வரை நகரவில்லை. இதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்கிறார் போலோ.

எழுநூறு ஆண்டு கழிந்தும் அந்த வட்டம் அழியவில்லை. தெருமண்ணில் போட்டதை வாசற்படியில் போட்டார்கள், பிறகு அலுவலக வரவேற்பறையில் போட்டார்கள், இப்போது கைபேசியில் சேமித்து வைத்த எண்களைச் சுற்றிப் போடுகிறார்கள். அரசர்களைச் சுற்றி மட்டும் இப்போது யாரும் போடுவதில்லை. ஆயிரம் கோடி பாக்கி வைத்த கம்பெனிக்கு 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் குழுவாகக் குளிரறையில் உட்கார்ந்து எவ்வளவு தள்ளுபடி என்று பேசுவார்கள். அதே சட்டத்தில், கடன் 35,000 ரூபாயைத் தாண்டாத, ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாத ஏழைகள் புதிதாக வாழ்வைத் தொடங்க ஒரு வழியும் எழுதிவைத்தார்கள். அந்தப் பகுதி அச்சில் இருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. கடன் வாங்கியவரும் ‘கடன்காரர்’தான், கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்பவரும் ‘கடன்காரர்’தான். குழப்பம் வேண்டாமென்று, இந்த உரையில் வாங்கியவர், கொடுத்தவர், வசூல்காரர் என்றே பேச்சு நடக்கும். அதிலும் வசூல்காரரைப் பற்றித்தான் அதிகம்.

காலை எட்டு மணி. தெரு எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் பத்துப் பெண்கள். குழுக்கடன் வாரத்தவணை நாள். ‘சென்டர் மீட்டிங்’ என்பார்கள். ஒன்பது பேர் கட்டிவிட்டார்கள். பத்தாவது பெண்ணுக்கு அந்த வாரம் வேலை இல்லை.

“அக்கா காசு வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது” என்கிறார் இருபத்தைந்து வயது வசூல்காரர், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

“தம்பி, வெள்ளிக்கிழமை அவருக்குச் சம்பளம். வாங்கினதும் கொண்டாந்து குடுத்துடறேன்.”

“எங்கயாச்சும் பொரட்டிக் கட்டுங்கக்கா. உங்களுக்காக இவங்க எல்லாரும் வேலைக்குப் போகாம உக்காந்திருக்காங்க, பாருங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் தொழில் இருக்கிறது. அவர் குரலை உயர்த்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒன்பது பேரின் பார்வையைப் பத்தாவது ஆள் மேல் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். இட்லிக்கடைக்குப் போக வேண்டியவர், நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியவர், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டியவர் என ஒவ்வொருவருக்கும் நேரமாகிறது. அரை மணியில் யாரோ ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் தவணையையும் சேர்த்துக் கட்டுவார். தெருவில் அதற்குப் பிறகு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது.

நுண்கடனை ‘ஈடில்லாக் கடன்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஈடு இல்லாமல் யாரும் கடன் கொடுப்பதில்லை. இங்கே வாங்கிவைத்துக்கொண்ட ஈடு, வாங்கியவரின் மானம். கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், கைபேசிச் செயலிக் கடன் எல்லாவற்றிலும் இதே கதைதான். நீதிமன்றத்துக்குப் போய் வசூலிக்கச் செலவும் காலமும் ஆகும். மானத்தைப் பிடித்து உலுக்கினால் ஒரே நாளில் காசு வரும். இந்தக் கணக்கின் மேல்தான் மிரட்டல் வசூல் என்ற தொழிலே நிற்கிறது.

அந்த ஈட்டைச் சட்டம் ஏற்பதில்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டினால் இது தெளிவாகும். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம், கொடுத்தவர் பக்கம் சாய்ந்த சட்டம். அதன் 60ஆவது பிரிவு, தீர்ப்பே வந்த பிறகும் எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை. கைத்தொழில் செய்பவரின் கருவிகள். உழவரின் ஏர், மாடு, விதைத் தானியம். கூலித் தொழிலாளியின் கூலி, வீட்டு வேலை செய்பவரின் சம்பளம். மற்றவர் சம்பளத்தில்கூட முதல் ஆயிரம் ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாதவை. சமய வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத நகையையும் தொடக் கூடாது. நம் ஊரில் அது எதைக் குறிக்கும் என்று விளக்கத் தேவையில்லை. “தாலியை அடகு வெச்சாவது கட்டு” என்று வாசலில் நின்று கத்துபவர், நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைத் தனக்கு இருப்பதாகக் காட்டிக்கொள்கிறார்.

நேரக் கணக்கும் அதே சட்டத்தில் உண்டு. நீதிமன்ற ஆணையோடு வரும் அமீனாகூட, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கடனுக்காக ஒருவரைக் கைது செய்யவோ பொருளைக் கைப்பற்றவோ குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. கையில் ஆணை இல்லாதவர் இரவு ஒன்பது மணிக்கு வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்கிறார். வீட்டார் காபி வேறு போட்டுக் கொடுக்கிறார்கள்.

“போலீஸ்ல சொல்லி உள்ள தள்ளிடுவோம்” என்பது வசூல்காரர்களின் பழைய பாட்டு. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அது உரிமையியல் வழக்கு. பணம் இருந்தும் வேண்டுமென்றே ஒளித்து வைத்து ஏய்ப்பவரை மட்டுமே, அதுவும் விசாரித்துக் காரணம் எழுதிவைத்த பிறகே, சிவில் சிறைக்கு அனுப்ப முடியும். பணத்துக்கான தீர்ப்பில் பெண்களை அப்படியும் கைது செய்யக் கூடாது என்கிறது 56ஆவது பிரிவு. 1980இல் கொச்சின் வங்கி தொடர்பான ஒரு வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கே எதிரானது என்று தீர்ப்பு எழுதினார். பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்து, தலச்சேரியில் ஏழை எளியவருக்காக வாதாடிய வழக்கறிஞர் உள்ளே இருந்து எழுதிய தீர்ப்பு அது.

ஒரு விதிவிலக்கை இங்கே மறைக்கக் கூடாது. காசோலை திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின் கீழ் குற்ற வழக்காகிவிடும். அதனால்தான் கடன் கொடுக்கும்போதே தொகை எழுதாத நான்கைந்து காசோலைகளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். போலி ஆவணம் காட்டிக் கடன் வாங்கியவருக்கும் இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது.

வங்கிகளின் வசூல் எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு 2007 பிப்ரவரியில் ஐசிஐசிஐ வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு சாட்சி. கடனை வசூலிக்கவோ வண்டியைப் பறிக்கவோ அடியாட்களை வைத்துக்கொள்ளக் கூடாது, சட்டம் காட்டும் வழியில்தான் போக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வசூல் முகவர்களுக்கான விதிகளை விரிவாக வெளியிட்டது. முகவரின் பெயர் விவரத்தை வாங்கியவருக்கு வங்கி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முகவர் அடையாள அட்டை, வங்கியின் அதிகாரக் கடிதம், அனுப்பிய நோட்டீஸின் நகல் மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். முகவர் பேசும் தொலைபேசிப் பேச்சு பதிவாக வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பயனுள்ள ஒரு விதி அதற்குள் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கடன் பற்றி வாங்கியவர் ஒரு புகார் கொடுத்து, அது வெறும் இழுத்தடிப்புப் புகார் இல்லையென்றால், அதை முடித்துவைக்கும்வரை அந்தக் கணக்கை வசூல் முகவரிடம் தள்ளக் கூடாது.

விதி வந்தது, தொல்லை நிற்கவில்லை. 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி ரிசர்வ் வங்கி மறுபடியும் ஒரு சுற்றறிக்கை விட்டது. நிலுவை வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. ஓயாமல் அழைப்பது, பேர் சொல்லாமல் மிரட்டுவது, ஊரார் முன் அவமானப்படுத்துவது, குடும்பத்தார், நண்பர்கள், கடனுக்குப் பரிந்துரை சொன்னவர்கள் ஆகியோரைத் தொந்தரவு செய்வது, கைபேசியிலும் சமூக ஊடகத்திலும் தகாத செய்தி அனுப்புவது, பொய் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாம் கூடாது. முகவர் செய்கிற தவறுக்கு வங்கியே பொறுப்பு. “அது ஏஜென்சி பாத்துக்கறது சார், எங்களுக்குச் சம்பந்தம் இல்ல” என்று கிளை மேலாளர் கைகழுவ முடியாது.

சுற்றறிக்கையின் மை காய்வதற்குள் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் ஒரு கொடுமை நடந்தது. ஒரு விவசாயியின் டிராக்டர் கடன் பாக்கிக்காக வண்டியை எடுத்துப்போக வந்தவர்கள் ஓட்டிய அதே டிராக்டரின் அடியில் சிக்கி, அந்த விவசாயி வீட்டுக் கர்ப்பிணிப் பெண் இறந்துபோனார். செப்டம்பர் 22ஆம் தேதி மகிந்திரா ஃபைனான்ஸ் நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூலிப்பதையும் வண்டி பறிப்பதையும் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. 2023 ஜனவரி 4ஆம் தேதிதான் தடை விலகியது.

வண்டி விஷயத்தில் நம் ஊர் அனுபவமும் சொல்லித் தீராது. நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடை ஓரங்களில் பதிவெண் பட்டியலோடு காத்திருக்கும் ‘சீசிங்’ ஆட்களை ஓட்டுநர்கள் எல்லாரும் அறிவார்கள். நின்ற வண்டியில் ஏறிச் சாவியைப் பிடுங்கி, சவாரி வந்தவரை நடுவழியில் இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போவார்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டுதான்; ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், முன்னறிவிப்பு தர வேண்டும், விற்கும் முன் கட்டித் தீர்க்கக் கடைசி வாய்ப்பு தர வேண்டும். முரட்டுத்தனமாகப் பிடுங்குவது சட்டப்படி எடுப்பதாகாது என்று 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கார்க்கடன் வழக்கில் உறுதிசெய்தது. நுகர்வோர் ஆணையத்தில் தொடங்கி மேலே போன வழக்கு அது.

மறுபடி அந்தத் திண்ணைக்கே போகலாம். நாட்டில் நுண்கடன் நிலுவை மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இந்தத் தொழில் முதலில் பெரிய அடி வாங்கியது பக்கத்து மாநிலத்தில். 2010இல் அன்றைய ஆந்திரத்தில், வாரத்தவணை நெருக்கடியால் பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் அடுத்தடுத்து வர, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் ஏறக்குறைய நின்றே போனது. ரிசர்வ் வங்கி மாலேகம் குழுவை அமைத்தது; அங்கிருந்து தொடங்கிய திருத்தங்கள் 2022 மார்ச் மாத விதிகளில் வந்து நின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரும் கடனே நுண்கடன். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது வருமானத்தில் பாதி ஏற்கெனவே தவணைக்குப் போகும் வீட்டில், நான்காவது கம்பெனிக்காரர் ஐந்தாவது கடனைத் தேடி வந்து திணிப்பதே விதிமீறல்.

நுண்கடன் வசூலுக்கு நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை. இடம், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடம். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். வாங்கியவரின் பெயரை ஊரறிய வெளியிடக் கூடாது; உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லைப்படுத்தக் கூடாது. தவணை தவறியதற்கான அபராதத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே கணக்கிட வேண்டும், முழுக் கடனுக்கும் அல்ல. இதை அறிந்த பிறகு திண்ணைக் காட்சியைத் திரும்பப் பார்த்தால், காலை எட்டு மணி என்பதே தவறு என்று தெரியும்.

கைபேசிச் செயலிக் கடன் கொரோனா முடக்கத்தில் தலையெடுத்தது. ஐந்தாயிரம் கேட்டால் மூன்றாயிரத்துச் சொச்சம் கணக்குக்கு வரும்; ஏழாம் நாள் முழுத் தொகையையும் கேட்பார்கள். செயலியை இறக்கும்போது ‘அனுமதி’ என்று தட்டிய ஒரு தட்டில் தொலைபேசி எண்கள், படங்கள் எல்லாம் அங்கே போயிருக்கும். மாமனார், பழைய முதலாளி, பிள்ளையின் வகுப்பாசிரியர் ஆகியோருக்கு எல்லாம் ‘இவர் திருடர்’ என்று செய்தி போகும்; பெண் என்றால் முகத்தை வேறு உடம்போடு ஒட்டிய படம் போகும். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 தொடக்கத்தில் இரண்டு மாதம் தேடியதில் ஏறத்தாழ 1,100 கடன் செயலிகள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பர் முதல், முறையான கடன் செயலி தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது என்பது விதி. வசூல் முகவர் அணுகும் முன் அவர் யார் என்பதைக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ சொல்ல வேண்டும். முறையான செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. அதில் இல்லாத செயலியிடம் கடன் வாங்கி மாட்டிக்கொண்டவருக்கு ரிசர்வ் வங்கியால் பயன் குறைவு. அவர் போக வேண்டிய இடம் சைபர் குற்றப் பிரிவு, 1930.

இனி, ரிசர்வ் வங்கியின் நிழலே படாத கடன். சந்தைக் கடைக்காரருக்குத் தண்டல். 10,000 ரூபாய் கடன் என்று எழுதி 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். பார்வைக்குப் பதினைந்து சதவீதம். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி நூற்றிருபது சதவீதத்தைத் தாண்டும். தவணை தவறினால் ஆட்டோ மீட்டர்போல ஓடுவது மீட்டர் வட்டி. 2003இல் திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவரின் தற்கொலைக்குப் பின் தமிழ்நாட்டு அரசு அதிகவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் ஆங்கில வடிவத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய சொற்கள் தமிழ் ஒலியிலேயே நிற்கின்றன. இந்தக் கொடுமைக்கு ஆங்கிலத்தில் சொல் தேடவில்லை. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கொடுத்தவர் நியாயமான தொகையை வாங்க மறுத்தால், வாங்கியவர் அதை நீதிமன்றத்தில் கட்டிக் கடனை முடிக்க வழி உண்டு. அடைக்கப் போனால் “இப்ப வேணாம், அப்புறம் பாக்கலாம்” என்று வட்டி வளர்ப்பவர்களுக்கு இதுதான் பதில்.

சட்டம் இருந்தும், 2017 அக்டோபர் 23ஆம் தேதி நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், பலமுறை மனு கொடுத்து ஓய்ந்துபோன ஒரு தொழிலாளி தம் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீயில் மாண்டார். அன்றைய படங்களை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஜூனில் கடலூரில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு காவலரே தற்கொலை செய்துகொண்ட பிறகு, காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு ‘ஆபரேஷன் கந்துவட்டி’யை அறிவித்தார். 2025இல் கடன் நிறுவனங்களின் வற்புறுத்தல் வசூலைத் தடுக்க இன்னொரு மாநிலச் சட்டமும் வந்தது. சட்டப் பஞ்சம் நமக்கு எப்போதும் இருந்ததில்லை; மனுவைக் கையில் வாங்கிப் படிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். இந்தத் தொல்லையில் உயிரை விடும் நினைப்பு எட்டிப் பார்க்கிற எவரும் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சரி, தொலைபேசி அடிக்கிறது. என்ன செய்வது? நுகர்வோர் இயக்கங்களில் பல ஆண்டு உழைத்தவர்கள் முதலில் சொல்வது, ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், எண், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை அப்படியே. கைபேசியில் பதிவு ஆனால் இன்னும் நல்லது. அடுத்தது மூன்று கேள்வி: “உங்க பேரு? எந்த ஏஜென்சி? அதிகாரக் கடிதத்தை அனுப்புறீங்களா?” மிரட்டுபவர்களில் பாதிப் பேர் மூன்றாவது கேள்வியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பணத்தை முகவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பக் கூடாது. கடன் கணக்குக்கே கட்டி ரசீது வாங்க வேண்டும். பிறகு வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார். ‘நான் கடன் வாங்கியது உண்மை; கட்டும் எண்ணம் உண்டு; இன்ன காரணத்தால் தவறியது; மாதம் இவ்வளவு கட்ட முடியும்; இன்ன தேதியில் இன்ன எண்ணிலிருந்து இப்படிப் பேசினார்கள்’ என்று ஒரு பக்கம் போதும். சண்டைக் கடிதத்தைவிட இப்படிப்பட்ட கடிதத்துக்கு எடை அதிகம்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரில் எல்லாவற்றையும் ஒரே திட்டமாக இணைத்த பிறகு, எந்த ஊருக்கு எந்த அலுவலகம் என்று தேட வேண்டியதில்லை; கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்; விவரம் கேட்க 14448. மிரட்டல், வீட்டுக்குள் நுழைதல், பெண்ணிடம் ஆபாசப் பேச்சு என்றால் முப்பது நாள் காத்திருக்க வேண்டியதே இல்லை. அது காவல் நிலையத்துக்குரியது. பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351ஆவது பிரிவும், பெண்ணை இழிவுபடுத்தும் பேச்சுக்கு 79ஆவது பிரிவும் இருக்கின்றன. “இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க” என்று நிலையத்தில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கடன்தான் சிவில், மிரட்டல் கிரிமினல். இந்த ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தால் போதும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், எண் 15100.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். ஈடில்லாக் கடனுக்குத் தவறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இரண்டே முக்கால் வருடம் தலைகாட்டாத ஆள் திடீரென்று வந்து, “ஐந்நூறு ரூபாயாச்சும் போடுங்கக்கா, நல்லெண்ணத்துக்கு” என்று இனிக்க இனிக்கப் பேசினால் காரணம் இருக்கும். கெடுவுக்குள் கட்டும் சிறு தொகையும், எழுதிக் கொடுக்கும் ஒப்புதலும் மூன்றாண்டைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். கட்டக் கூடாது என்பதில்லை. எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்து கட்ட வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், கடனைக் கட்டாமல் தப்புவதற்கு வழி சொல்கிற உரை இது என்று யாரேனும் எண்ணினால், அது பிழை. வாங்கிய பணம் வாங்கியதுதான். குழுக்கடனில் ஒருவர் ஏய்த்தால் அந்தச் சுமை இன்னொரு ஏழைப் பெண்ணின் மடியில் விழுகிறது. அந்த இருபத்தைந்து வயது வசூல்காரரும் எதிரி அல்ல. பட்டம் முடித்து வேறு வேலை கிடைக்காமல், சொந்த பைக்கில் பெட்ரோல் போட்டு, மாத இலக்கைத் தொடாவிட்டால் ஊக்கத்தொகை போய்விடும் என்ற பயத்தில் ஓடுகிறவர். அவரைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். முகவர்கள் நூறு மணி நேரம் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும் என்று 2008 முதல் விதி உண்டு. திண்ணைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த வகுப்பைப் பார்த்திருப்பார்கள் என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

கணக்கு முடியும் இடத்தில் ஒரு கவனம். ‘செட்டில்மென்ட்’ என்று பாதித் தொகைக்கு முடித்தால் கடன் வரலாற்றில் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். முழுக்கக் கட்டி ‘குளோஸ்டு’ ஆவதும் அதுவும் ஒன்றல்ல. அடுத்த கடன் கேட்கும்போது இது தெரியவரும். எதுவானாலும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால், முழுத் தொகையும் கட்டிய முப்பது நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் விதி.

முன்பெல்லாம் கிராமத்தில் கடன் தீர்ந்த அன்று, புரோநோட்டைத் திரும்ப வாங்கி, ஸ்டாம்பின் மேல் போட்ட கையெழுத்தைச் சாட்சிகள் முன்னால் கிழித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். கிழித்த துண்டு மண்ணெண்ணெய் விளக்கில் போகும். மிச்சக் காகிதத்தைப் பெட்டியின் அடியில் வைப்பார்கள். இன்று அதன் இடத்தில் இருப்பது நிலுவையில்லாச் சான்று என்ற ஒற்றைத் தாள். கேட்டால்தான் தருவார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பத்தாவது பெண் அந்த வெள்ளிக்கிழமை பாக்கித் தவணையைக் கட்டினார். அடுத்த ஆண்டு மொத்தக் கடனையும் முடித்தார். முடித்த அன்று அலுவலகத்துக்கு நேரில் போய் அந்தத் தாளைக் கேட்டார். “சிஸ்டத்துல குளோஸ் ஆயிடுச்சும்மா, தாள் எதுக்கு?” என்றார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரத்தில் முத்திரையோடு வந்த அந்தத் தாளை மூன்றாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் சொருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.